திருப்பிச் சொல்லவும்

ஜூலை 2, செவ்வாய்

ஹாம் ரேடியோவில் ஒருவரோடொருவர் பேச உரிமம் வைத்திருப்பவர்கள் நிலையக் குறிப்பேடு எழுதியாக வேண்டும். யாரோடு பேசினோம், எந்த அலைவரிசை, எத்தனை மணி. அவ்வளவுதான். எரிச்சலை எழுத அதில் கட்டம் கிடையாது. எனக்கு எரிச்சல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதனால் தனியாக இது.

இன்று முழுக்க மெயில் சர்வரோடு மல்லுக்கட்டு. விஷயம் சின்னதுதான். மழையில் மலைமேல் போனும் இன்டர்நெட்டும் செத்துப்போனால், அங்கே இருக்கும் ரேடியோக்காரர் கம்ப்யூட்டரில் கடிதம் அடிப்பார். ரேடியோ அதைக் கீச்சுக்கீச்சென்று சத்தமாக்கி அனுப்பும். பொள்ளாச்சி மார்க்கெட் ரோட்டில் என் கடை மாடியில் இருக்கும் ஆன்டெனா அதைப் பிடிக்கும். கடைக்குள் இருக்கும் சர்வர் அதைச் சாதாரண இமெயிலாக்கி உரியவருக்கு அனுப்பும். பிடிப்பது வரை எல்லாம் ஆயிற்று. வெளியே அனுப்புகிற கடைசிப் படியில்தான் மாடு படுத்துக்கொண்டது.

இன்டர்நெட் கொடுப்பவர்கள் கடைக் கனெக்‌ஷனிலிருந்து நேராக மெயில் போகிற வழியை அடைத்து வைத்திருக்கிறார்களாம். போன் செய்தால், "ஸ்பேம் அனுப்பறவங்களுக்காக அப்படி மேடம்" என்கிறது ஒரு பெண். நான் இன்வெர்ட்டரும் மிக்ஸியும் ரிப்பேர் பார்க்கிறவள், எனக்கெதற்கு ஸ்பேம் என்று கேட்டேன். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்" என்றது. முதல் உதவியையே இன்னும் காணோம்.

ஜூலை 4, வியாழன்

வேறு வழி பிடித்தேன். நேராகப் போகாமல், மெயில் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் இன்னொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் நம் மெயிலை அது வாங்கி, தன் பெயரில் உத்தரவாதம் சொல்லி அனுப்பிவைக்கும். போட்டேன், போயிற்று. நித்திலாவுக்கு அனுப்பிய முதல் மெயில் நேராக ஸ்பேம் பெட்டியில் விழுந்தது.

"அக்கா, எனக்கு லாட்டரியில பத்துக் கோடி விழுந்துருக்குதாம். அதுக்குக் கீழ நீ இருக்கற" என்று போனில் சிரிக்கிறாள்.

நித்திலவல்லி என் தங்கை. வால்பாறையையும் தாண்டி, கருங்குன்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பரீட்சை எழுதவைத்து ரேடியோ உரிமம் வாங்கிக் கொடுத்தவள் நான். மருந்து அலமாரிக்கு மேலே அவள் ரேடியோ உட்கார்ந்திருக்கிறது. மலையில் இந்த சர்வரை நம்பப்போகிற ஒரே ஆள் அவள்தான். சின்ன வயதிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற பெண்ணை அந்த மலைக்கு ஏன் அனுப்பினாய் என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். நான் எங்கே அனுப்பினேன். அவள் யார் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

ஜூலை 7, ஞாயிறு

உடுமலையில் எங்கள் ரேடியோ க்ளப் கூட்டம். எங்கள் செயலாளர் திருமூர்த்தி பேங்க்கில் கேஷியர். பல வருடப் பழக்கம். எனக்கு முதல் ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தியதே அவர்தான். சர்வர் பற்றி நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"வெளிய போற மெயிலு அத்தனையும் அப்படியே போகக்கூடாதுங்க. நம்ம ரேடியோவுல யாவாரம் பண்ணக்கூடாதுன்னு லைசென்சுலயே இருக்குது. கம்பெனி விலாசத்துக்குப் போறதை நிறுத்தி வச்சு, ஒருத்தர் பாத்துட்டுத்தான் விடோணும்."

நியாயம். நானும் அதையே சொல்ல இருந்தேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"இன்னொண்ணுங்க. மரகதம் வேலை சுத்தம், அதுல குத்தமே சொல்ல முடியாது. ஆனா கோவம் வந்துட்டா யாரு சொல்றதும் காதுல ஏறாது. தொறக்கற சாவி ஒரே ஆளுகிட்ட இருக்கக்கூடாது."

அறை முழுக்கச் சிரிப்பு. ஒருவர் டீயைச் சிந்திக்கொண்டே சிரித்தார். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், தாடை வலித்தது.

திரும்பும் பஸ் கோமங்கலம் தாண்டுவதற்குள் அந்தத் திருமூர்த்தியின் நம்பரைத் தடைசெய்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

விதி எழுதி முடித்தாயிற்று. தனி ஆட்களின் முகவரிக்குப் போகிற மெயில் உடனே போகும். கம்பெனி, ஆபீஸ் முகவரிக்குப் போவது உள்ளேயே நிற்கும். நின்றதும் திருமூர்த்திக்கு நோட்டீஸ் போகும்: இன்னாரிடமிருந்து இன்னாருக்கு ஒரு கடிதம் நிற்கிறது என்று. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது, அது அடுத்தவர் கடிதம். எனக்கு அந்த நோட்டீஸ் வராதபடி அணைத்துவிட்டேன். காதில் ஏறாதவளுக்கு நோட்டீஸ் எதற்கு.

திறந்துவிடுகிற கடவுச்சொல்லை அவனுக்கு அனுப்பவில்லை. வேண்டுமானால் வந்து கேட்கட்டும். கேட்டால் பார்க்கலாம்.

எழுதியவருக்கு ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதில் போகும். நின்றாலும் அதே பதில், போனாலும் அதே பதில். இதை அப்புறம் பிரித்து எழுத வேண்டும். மலையிலிருந்து கம்பெனிக்கு யார் எழுதப்போகிறார்கள், அவசரமில்லை.

ஜூலை 11, வியாழன்

இன்று நல்ல நாள். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டு என்று ஊரறியப் பதிந்து வைக்க வேண்டியதைப் பதிந்தேன். அதற்குப் பிறகு ஸ்பேம் பெட்டித் தொல்லை இல்லை. க்ளப்பில் இருக்கும் பழனிக்காரர், கோவைக்காரர், என் பெரியம்மா மகன், எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மலையிலிருந்து நித்திலா அனுப்பியது என் போனில் வந்து விழுந்தது: ‘இங்கே மழை. சாப்பிட்டாயா. யாரையாவது திட்டினாயா.’

பிறகு குரலிலும் பேசினோம். ரேடியோவில் எங்களுக்கு ஒரு வழக்கம். செய்தியை வாங்கினவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை அது போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை. நித்திலா இதை வைத்து வீட்டிலேயே என்னைக் கேலி செய்வாள். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூட, "அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணி. கிடைச்சுது" என்பாள், எழுந்து மட்டும் போகமாட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

மழை. காய வைத்த துணி மூன்றாவது தடவையாக நனைந்தது.

ஜூலை 15, திங்கள்

மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. ரோட்டோடு சேர்ந்து கேபிளும் போய், எஸ்டேட் பக்கம் ஒரு போனும் எடுக்கவில்லை. பத்து மணிக்கு, பேட்டரியில் ஓடுகிற ரேடியோவில் நித்திலா வந்தாள்.

"இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம். டாக்டரு லீவுல கோயமுத்தூரு போனவரு அங்கயே மாட்டிக்கிட்டாரு. நானும் ஆயா எஸ்தரும்தான். கரன்ட் போயி, ஜெனரேட்டரும் ராத்திரி நின்னுபோச்சு. அதுக்கு முன்னயே பிரிட்ஜு கோளாறாகி, உள்ள இருந்த மருந்து பாதி உறைஞ்சு கெட்டுப்போச்சுக்கா."

"இன்சுலினு?"

"அதுவுந்தான். வார்டுல ரோஸ்லின்னு ஒரு பொண்ணு, காலேஜ் படிக்கறா. அவளும் என்னைய மாதிரிதான், ஊசி இல்லாம ஆகாது. கோயமுத்தூரு மருந்துக் கம்பெனிக்கு மெயில் போட்டுட்டேன். ஐஸ் பெட்டியில வச்சு நிவாரண ஜீப்புல குடுத்து விடுவாங்க."

"உனக்கு?"

"எனக்கு இருக்குது. திருப்பிச் சொல்லு."

"உனக்கு இருக்குது" என்றேன்.

சர்வரைப் பார்த்தேன். அவள் மெயில் வந்து சேர்ந்திருக்கிறது, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதிலும் போயிருக்கிறது. சரியாக எப்போது வேண்டுமோ அப்போது வேலை செய்கிறது. இத்தனை நாள் பட்ட பாடு வீண் போகவில்லை. கூட்டத்தில் டீ சிந்தியவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

மாலை புது நம்பரிலிருந்து போன். "ஏங்க மரகதம், வெச்சறாதீங்க, நான்…" என்றது திருமூர்த்தியின் குரல். பொண்டாட்டி போனை வாங்கிக் கூப்பிடுகிறான். வைத்துவிட்டு அதையும் தடைசெய்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

மருந்து போகவில்லை. ஜீப் காலையில் போயிருக்கிறது, ஆஸ்பத்திரிப் பெட்டி எதுவும் அதில் இல்லையாம். கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"கருங்குன்று ஆஸ்பத்திரியா? அங்கிருந்து மெயில் எதுவும் வரலீங்களே" என்கிறார் அங்கிருக்கும் மனிதர்.

"வந்திருக்கும். நல்லாப் பாருங்க."

"பாத்துட்டுத்தானுங்க சொல்றேன். ஸ்பேமுலயும் பாத்தேன்."

"என்ற சர்வர் போச்சுன்னு சொல்லுது. நீங்க வரலைங்கறீங்க. மிசின் பொய் சொல்லுமா, நீங்க பொய் சொல்லுவீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "மெயிலு வரட்டுமுங்க. வந்த நிமிசம் பெட்டி கெளம்பும்" என்றார். இப்படிப் பொறுமையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வேலை செய்யாதவர்கள்தான் இவ்வளவு பொறுமையாக இருப்பார்கள்.

நித்திலாவிடம் மறுபடி அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சோதனைக்கு என் பெரியம்மா மகனுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தேன், கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. என் பக்கம் ஒரு குறையும் இல்லை.

திருமூர்த்தியின் ஆன்டெனா காற்றில் மடங்கி விழுந்துவிட்டதாம், பழனிக்காரர் ரேடியோவில் சொன்னார். மழை விட்டால்தான் ஏற்ற முடியுமாம். "உங்ககிட்டப் பேசோணும்னு தவியாத் தவிக்கறாரு, என்ன விசயம்னு கேட்டா உங்ககிட்டத்தான் சொல்லுவாராம், ஒருக்கா கூப்பிடுங்க" என்றார். சமாதானத் தூது. அடுத்தவர் ஆன்டெனா விழுந்ததற்குச் சந்தோஷப்படக்கூடாது. கொஞ்சம் பட்டேன்.

ஜூலை 17, புதன்

கம்பெனியை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே கிளம்பினேன். நித்திலாவின் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் இன்சுலின் வாங்கி, பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, ஸ்கூட்டரில் ஆழியாறு வரை போனேன். மழை முகத்தில் அறைகிறது. செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள்.

"மேல யாரையும் விடறதில்லைங்க அம்மா."

"என்னைய விட வேண்டாம். இதை மட்டும் ஜீப்புல குடுத்து விடுங்க."

"ஆஸ்பத்திரி கேட்ட பேப்பரும், கம்பெனி சீல் வச்ச பெட்டியும் இருக்கோணுங்க. ஐஸ்ல வச்ச மருந்தா, வெயில்ல கெடந்த மருந்தான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அங்க கெட்ட மருந்தை ஊசி போட்டுட்டாங்கன்னா?"

"கேட்டாச்சுங்க. மெயில் போயாச்சு. கம்பெனிக்காரன்தான் பாக்க மாட்டேங்கறான்."

அவர் என் பிளாஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீ குடிச்சுட்டுப் போங்கம்மா, நடுங்கறீங்க" என்றார். குடிக்கவில்லை.

திரும்பி வந்ததும் ரேடியோவைப் போட்டேன். நித்திலா மெதுவாகப் பேசினாள்.

"மூணாவது தடவையும் போட்டுட்டேன்க்கா. ஏத்துக்கிட்டோம்னு வருது. பதிலத்தான் காணோம்."

"நீ ஏன் இழுத்து இழுத்துப் பேசற?"

"தூக்கமில்ல. வாயெல்லாம் வறண்டு கெடக்குது. தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கறேன்."

"உனக்கு மருந்து இருக்குதுன்னியே."

"இருக்குதுக்கா."

திருப்பிச் சொல்லு என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மழையும் குளிருமாக இருக்கிற மலையில் ஒருத்திக்குத் தாகம் எதற்கு எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் சர்க்கரை, அந்தக் காலத்திலிருந்து தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன்.

பக்கத்து ஜவுளிக் கடைக்காரர், நான் இல்லாதபோது உடுமலையிலிருந்து ஒருவர் வந்து கடை வாசலில் ரொம்ப நேரம் நின்றதாகச் சொன்னார். கடைசி பஸ்ஸுக்குத்தான் போனாராம். சாவி கேட்கத்தான் வந்திருப்பான். நல்ல நேரம் பார்த்தான் அதற்கு.

ஜூலை 18, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் கம்பெனிக்காரரை மறுபடி திட்டினேன். அதே பொறுமை, அதே பதில். மதியம் ரேடியோவில் வேறு குரல் கேட்டது.

"ஹலோ, ஹலோ, இதுல பேசினா கேக்குமா? நான் எஸ்தரு. மரகதம் அக்கா இருக்கீங்களா?"

"இருக்கேன். பேசி முடிச்சதும் பட்டனை விட்ரும்மா. சொல்லு."

"சிஸ்டர் காலையில இருந்து வாந்தியா எடுத்தாங்க. இப்போ கூப்பிட்டா கண்ணைத் தொறக்குறாங்க, பேச மாட்டேங்குறாங்க. மூச்சு வேக வேகமா வாங்குது. அவங்களுக்கு வச்சிருந்த மருந்தை ரோஸ்லினுக்குப் போட்டாங்கக்கா. மொதல்ல பாதி பாதியா போட்டாங்க, அப்புறம் முழுசையும் அந்தப் புள்ளைக்கே குடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க."

 நித்திலாவின் வாயில் தண்ணீரைத் துளித் துளியாக விடச் சொன்னேன், அவளைத் தனியாக விட்டுப் போகாதே என்றேன். எஸ்தர் வழக்கம் தெரியாதவள், எதையும் திருப்பிச் சொல்லவில்லை. அழுகிற சத்தம்தான் கேட்டது.

நான் என்ன செய்வது என்று தெரியாமல் கடை நடுவில் நின்றேன். அப்போதுதான் எதிர்ச் சாரியில் பஸ்ஸிலிருந்து திருமூர்த்தி இறங்குவது தெரிந்தது. குடை காற்றில் மேல்நோக்கித் திரும்பி, நனைந்துகொண்டே ரோட்டைத் தாண்டி வந்தான். என் தங்கை செத்துக்கொண்டிருக்கிறாள், இவனுக்குச் சாவி வேண்டும். ஷட்டரை இழுத்துக் கீழே விட்டேன்.

தட்டினான். ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். மறுபடி தட்டினான். பிறகு ஷட்டர் தரையில் முட்டாத அந்தச் சின்னச் சந்தில், குனிந்து வாயை வைத்துப் பேசுகிற மாதிரி குரல் வந்தது.

"ஏங்க மரகதம். என்னைய எவ்வளவு வேணும்னாலும் அப்பறமாத் திட்டிக்குங்க. ஆஸ்பத்திரியில இருந்து மருந்துக் கம்பெனிக்குப் போற மெயிலு மூணும் உங்க பொட்டிக்குள்ளயே நிக்குதுங்க. திங்கக்கெழமையில இருந்து எனக்கு நோட்டீஸ் வந்துக்கிட்டே இருக்குது. தொறந்து விடறதுக்கு என்கிட்டச் சாவி இல்லீங்க. தொறங்க."

 ஷட்டரை எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் எழுதிய விதி, நான் வைத்த இடம், நான் பார்க்காத மூலை. மூன்று கடிதங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை திறந்தது. மூன்றையும் விட்டேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். "இப்ப வந்துருச்சுங்க, வந்துருச்சு" என்றார் அந்த மனிதர்.

"என்ன வந்திருக்குன்னு திருப்பிச் சொல்லுங்க."

"என்னங்க?"

"அதுல என்ன எழுதியிருக்குதோ அதை எனக்குப் படிச்சுச் சொல்லுங்க."

படித்தார். ஆஸ்பத்திரி பெயர், மருந்து, அளவு, கீழே நித்திலவல்லி, நர்ஸ் என்று அவள் பெயர். பெட்டி இப்போதே கிளம்புகிறது, டாக்டரையும் அதே வண்டியில் ஏற்றிவிடுகிறோம் என்றார். இன்று காலையிலும் முந்தாநாளும் நான் பேசிய பேச்சுக்கு ஒரு சொல் அவர் சொல்லவில்லை.

திருமூர்த்தி சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வண்டி எதுவரைக்கும் போகும்னு கேட்டீங்களா?" என்றார். "மண் சரிஞ்ச எடத்துல எறங்கி நடக்கோணும். அந்தப் பக்கம் டிராக்டர் நிக்கோணும்னு எஸ்தருகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். எஸ்தரைத் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

ஜூலை 19, வெள்ளி

ரோடு வேலைக்காரர்கள் சேற்றில் வரிசையாக நின்று பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி அந்தப் பக்கம் கொடுத்தார்களாம். டாக்டரையும் கையைப் பிடித்துத் தாண்டவைத்தார்களாம். விடியற்காலையில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ரோஸ்லினுக்கும் மருந்து வந்தது. நித்திலா இன்னும் பேசவில்லை.

திருமூர்த்திக்குக் கடவுச்சொல்லை அனுப்பினேன். ‘கிடைத்தது’ என்று பதில் போட்டார், வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 20, சனி

மூச்சு கொஞ்சம் சீராகிறது என்கிறார் டாக்டர். கண் திறக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ரோஸ்லின் எழுந்து நடக்கிறாளாம். நித்திலாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் கையைத் தேய்த்துவிடுகிறாளாம். நன்றாக இருக்கட்டும் அந்தப் பெண். மனதார எழுதுகிறேனா என்று என்னையே ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். மனதாரத்தான்.

க்ளப்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். மெயில் எதனால் தாமதமானது என்று யாருக்கும் தெரியவில்லை. திருமூர்த்தி யாரிடமும் சொல்லவில்லை. மாலை அவரே பேசினார்: "வெளிய போற மெயிலுல சின்னக் கோளாறுன்னு சொல்லிக்கலாமுங்க. மழையில அதெல்லாம் சகஜந்தானே." எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நிலையக் குறிப்பேட்டில் ‘தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். பொய் இல்லை. விதியும் தொழில்நுட்பம்தானே.

ஜூலை 22, திங்கள்

கண் திறந்தாள். எஸ்தரிடம் தண்ணீர் கேட்டாளாம்.

கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியைக் கேட்டு வந்த ஓர் அம்மா, "பரவாயில்லம்மா, நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று பயந்து போய்விட்டார்கள்.

ஜூலை 24, புதன்

விதியை அடியோடு மாற்றி எழுதினேன். நின்ற மெயில் நின்றது என்றே எழுதியவருக்குச் சொல்லும். எனக்கும் நோட்டீஸ் வரும், திருமூர்த்திக்கும் வரும், பழனிக்காரருக்கும் வரும். மூன்று பேரிடமும் சாவி. ஆஸ்பத்திரியிலிருந்து வருவது எங்கேயும் நிற்காது. அங்கிருந்து வருவது வியாபாரமா என்று எனக்கு எதற்கு.

மாலை எல்லோரும் கூடிப் பேசுகிற நேரம். உடுமலை, பழனி, கோவை, அத்தனை பேரும் அலைவரிசையில் இருந்தார்கள். திருமூர்த்தியின் ஆன்டெனாவும் ஏறிவிட்டது. ஒவ்வொருவராக வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் அவள் குரல் வந்தது. மெலிந்து, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிக்கொண்டு. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா."

"சொல்லு கண்ணு."

"உன்கிட்ட மறைச்சுட்டேன். திட்டாத."

"திட்டல."

"ஒண்ணு கேக்கோணும். நான் மூணு தடவை மெயில் போட்டேன். ஏன் போகல? கம்பெனிக்காரங்க பாக்கலையா?"

சின்னக் கோளாறு என்று சொல்ல வாய் வரை வந்தது. திருமூர்த்தி கேட்டுக்கொண்டிருக்கிறார், மறுக்கமாட்டார். கூட்டத்தில் சிரித்தவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் அன்று சொன்னது சரிதான் என்று இப்போது அவர்களுக்கு என் வாயால் தெரிய வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது. பட்டனை அழுத்தினேன்.

"அவங்க மேல தப்பில்ல. நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன். திருமூர்த்தி மேல இருந்த கோவத்துல அவருக்குச் சாவி குடுக்கல. அவரு கூப்பிட்டப்ப எடுக்கல. அதான் போகல. திருப்பிச் சொல்லு."

பட்டனை விட்டேன். இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. 

"அக்காதான் நிறுத்தி வச்சிருந்தா" என்றாள் நித்திலா. ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கோவத்துல சாவி குடுக்கல. கூப்பிட்டப்ப எடுக்கல. அதான் போகல."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கிடைச்சுதுக்கா."

ரேடியோவை அணைத்துவிட்டு நிலையக் குறிப்பேட்டை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுதியதைக் கோடு போட்டு அடித்தேன். அதற்குக் கீழே இன்றைய தேதி போட்டு எழுதினேன்: கருங்குன்றுக்கு ஒரு செய்தி. திருப்பிச் சொல்லப்பட்டது.